தகரத்தில் ஒரு சாண் இடைவெளி

1

நான் கொடுத்த செல்போன்தான் என் அக்கா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி ஷெட்டை வெடிக்க வைத்தது என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரில் மாதிரி செய்து, வண்ணப்படம் எடுத்து நம்பினேன். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வயிற்றைக் கலக்கும். எனக்கு வயிற்றையும் கலக்கி, தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை விடையும் கொடுக்கும்.

இது நடந்து சில வருடம் ஆகிறது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் ஆபீசில் நடந்த ஒரு சின்ன விஷயம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, “இந்த மூலையில் மட்டும் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, இங்கே தீப்பிடித்துவிடுமா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் கழிவறையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, காபி இல்லாமல் திரும்பி வந்தேன்.

2

முதலில் என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கப்பலின் உச்சியில் நீளக் கட்டை மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ராடார். எங்கள் கம்பெனி செய்யும் ராடாரில் அந்தக் கட்டைக்குள் இருப்பது ஒரு செவ்வக உலோகக் குழாய், உள்ளே வெறும் காலி. அதன் முகத்தில் உண்டியல் வாய் மாதிரி வரிசையாகக் கீறல்கள் வெட்டியிருக்கும். ஸ்லாட் என்போம். குழாய்க்குள் ஓடுகிற ரேடியோ அலை அந்த வாய்கள் வழியாக வெளியே வரும். எந்த வாய் எவ்வளவு நீளம், நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து சொல்கிறேன். அதற்கு முன்னால் ஐந்து வருடம், செல்போனுக்குள்ளே செம்பில் அச்சடித்து வைக்கிற ஆன்டெனாக்கள் செய்துகொண்டிருந்தேன்.

ஒருமுறை விடுமுறைக்கு எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் போனபோது, வெட்டும்போது பிசகிப்போன ஒரு குழாய்த் துண்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். அக்காவுக்குக் காட்டத்தான். அக்கா பெயர் மாரிக்கனி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்போடு கம்பெனி வேனில் ஏறியவள். நான் படித்ததெல்லாம் அவள் ஏறிய அந்த வேனின் புண்ணியத்தில்.

குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் அம்புட்டு தூரம் போனியாலே? ஓட்டை போடணும்னா சாத்தூர்ல லேத்துப் பட்டறை இருக்கே.”

“ஓட்டையை எங்கன போடணும்னு சொல்றதுக்குத்தாங்க்கா சம்பளம்.”

“அதைச் சொல்லவும் ஒரு ஆளா.” கண்ணுக்கருகே கொண்டுபோனாள். “சர பின்னுன மாதிரில்ல இருக்கு. இடத்துல ஒண்ணு, வலத்துல ஒண்ணு.”

சரவெடியில் திரிக்கு இந்தப் பக்கம் ஒரு வெடி, அந்தப் பக்கம் ஒரு வெடி என்று மாற்றி மாற்றித்தான் பின்னுவார்கள். அக்கா பதினைந்து வருடம் அதைச் செய்தவள்.

“ஆமாக்கா. எல்லாத்தையும் ஒரே பக்கமா வெட்டுனா ஒண்ணு தள்ளும், அடுத்தது இழுக்கும். ஒண்ணை ஒண்ணு கெடுத்துரும்.”

“சரயும் ஒரு பக்கமாப் பின்னுனா முறுக்கிக்கிட்டு நிக்கும். அப்ப நாங்க பின்னுறதைத்தான் நீ காலேஜுல படிச்சிட்டு வந்திருக்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் கருப்பசாமி, “மாப்ள, அந்த வாத்தியாரை இங்கன அனுப்பிவிடுங்க, நாங்களும் சம்பளம் குடுக்கோம்” என்றார். எனக்கு அந்தப் பாடத்தை விளங்க வைக்க ஒரு வாத்தியார் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் சமன்பாடு எழுதினார் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அந்த முறைதான் அக்காவுக்குச் செல்போன் கொடுத்தேன். உள்ளே இருந்தது நான் வரைந்த ஆன்டெனா. அக்கா அப்போது பின்னல் வேலையிலிருந்து மருந்து செலுத்தும் வேலைக்கு மாறியிருந்தாள். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான் என்றாலும், அதை மாத்திரை, டானிக் என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள்.

“இதை எப்பவும் கூடவே வச்சுக்க. நான் கூப்பிடுறப்ப எடுக்கணும்.”

“கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுலே. கேட்டு போர்டுல எழுதியிருக்கு.”

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அந்த அலைக்கு மருந்தைப் பற்றவைக்கிற சக்தி கிடையாது, மருந்து வாளிக்குள்ளேயே போனைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது, இதைச் செய்தவனே சொல்கிறேன், சோற்றுச் சட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போ என்று சொன்னேன். அக்கா “சரிலே” என்றாள். அவள் “சரிலே” என்றால் சரி என்று அர்த்தமில்லை என்பது தெரிந்தும் கிளம்பி வந்துவிட்டேன்.

3

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும். திங்கட்கிழமை காலை. நான் ஆபீசுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் போன் அடித்தது. என் மகள் நிலா எடுத்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் மேசையில் எடுத்து வைப்பது மாதிரி வைப்பாள். சரி, சரி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

“யாரும்மா?”

“மாமா. அத்தைக்கு மருந்து பத்துச்சாம்.”

அந்த மாதம்தான் அக்காவுக்கு மூட்டுவலித் தைலம் இரண்டு புட்டி அனுப்பியிருந்தேன். பத்தியது, அதாவது போதுமானதாக இருந்தது. உப்பு பத்தவில்லை, சீனி பத்தவில்லை என்று எங்கள் வீட்டில் தினம் கேட்கிற பேச்சுதான். மூன்றாவது புட்டிக்குத் தபால் செலவு மிச்சம் என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்குப் போனேன். காலை முழுக்க ஸ்லாட்டுகளை அரை மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன். மதியம் கேண்டீனில் ஒரு ஜோக்கும் சொன்னேன். என்ன ஜோக் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை மறுபடி யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். மச்சான் மறுபடி போன் செய்திருக்கிறார். மருந்து பற்றிக்கொண்டது என்பதைத்தான் அவர் ஊர்ப் பேச்சில் “மருந்து பத்திருச்சு” என்று காலையில் சொல்லியிருக்கிறார். ஷெட்டே போய்விட்டது. அக்கா மதுரையில் தீக்காய வார்டில் இருந்தாள். கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நிலா என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள்.

“நான் தப்பாச் சொல்லிட்டேனா அப்பா?”

“இல்லம்மா. நீ சொன்ன வார்த்தை சரிதான்.”

உண்மையிலேயே சரிதான். அதைக் காதில் வாங்கித் தைலப் புட்டியாக மாற்றியவன் நான். ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் ஊரிலிருந்து போன் வந்தால் நிலா எடுக்க மாட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

4

மச்சானை அன்றே பிடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினார். பின்னால் யாரோ அழுவது கேட்டது.

“உசுருக்கு ஆபத்து இல்லைங்காக. ரெண்டு கையும் வெந்திருக்கு. பேச்சு மூச்சு இல்லாம மயக்கத்துல வச்சிருக்காக. நம்ம பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா போயிட்டா மாப்ள. திருவேங்கடத்துப் பக்கம் இருந்து வேன்ல வருமே ஒரு புள்ள, செல்வி, அதுவும் போயிருச்சு.”

மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணு மாப்ள. ஷெட்டுல செல்போன் ஒண்ணு கரிஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லுறாக. உங்க அக்கா போன்தான்னு கம்பெனி ஆளுக பேசிக்கிடுதாக. அந்தப் போனாலதான் பத்துச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாகளாம். வீட்டுல தேடிப் பாத்தேன், போனைக் காணோம். அடிச்சாலும் அமத்தி வச்சிருக்குன்னுதான் வருது.”

அப்படி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு சாவுக்கும் அக்கா பொறுப்பாவாள். கை வெந்து கிடக்கிறவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வழக்குக்குக் கூட்டிப் போவார்கள். பாண்டியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

“நீதான மாப்ள கொண்டு போகச் சொன்ன” என்று மச்சான் கேட்கவே இல்லை. மற்ற நாளில் என்னை நீங்க, வாங்க என்று பேசுகிறவர், அன்று ஒருமையில் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடனே புறப்பட முடியவில்லை. விசா நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட்டை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். மறுநாள் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர் பொறுமையானவர். என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் பதற்றத்தில் பாதியாகிவிட்டது. மருந்து வெடித்துவிட்டது என்பதை அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் ‘மருந்துக்கடை விபத்து’ என்று எழுதிக்கொண்டு, எந்த மருந்து என்று கேட்டார்.

“இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?”

“பக்கத்து வீடு.”

“காயம்பட்டவர்?”

“அக்கா.”

அவர் ஒரு தாளைப் புரட்டினார். அவசரம் என்ற கட்டத்தில் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை வரை இருந்தது. அக்கா இல்லை. “மன்னிக்கவும், உங்கள் தாயாராக இருந்தால் வேறு” என்றார். என் அம்மா செத்த பிறகு எனக்குத் தலை சீவி விட்டவள் அவள்தான் என்பதற்கு என்னிடம் சான்றிதழ் இல்லை. மூன்று வாரம் ஆகும் என்றார்.

5

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த கூத்துக்குத்தான் இவ்வளவு முன்னுரை.

அக்காவைக் காப்பாற்ற ஓர் அறிக்கை எழுதுவது என்று முடிவு செய்தேன். செல்போன் அலையால் வெடிமருந்து பற்றாது என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஆபீசில் உட்கார்ந்து ஷெட்டை மாதிரியாக வரைந்தேன். சீசன் நேரத்தில் அறை பத்தாமல் வெளியே தகரம் போட்டு அதன் நிழலில் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று மச்சான் சொல்லியிருந்தார். தகரம், அதற்குக் கீழே மருந்து வாளி, பக்கத்தில் என் போன். ஓட விட்டேன். ஒன்றுமில்லை. மின்புலம் சொற்பம். நான் சொன்னது சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயந்தவனுக்கு நல்ல விடை கிடைத்தால் அதை நம்ப மாட்டான். இரண்டு தகரம் சேர்கிற இடத்தில் இடைவெளி இருக்குமே என்று தோன்றியது. உலோகத் தகட்டில் நீளமான இடைவெளி என்றால் அதுவும் ஒரு ஸ்லாட்தான். அலையின் பாதி நீளம் அதற்கு இருந்துவிட்டால் அது ஆன்டெனாவாகிவிடும். என் சோறே அதில்தான் வேகிறது. அந்தப் போனின் அலைக்குப் பாதி நீளம் பதினாறு, பதினேழு சென்டிமீட்டர்.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

“மச்சான், அந்தத் தகரத்துல ரெண்டு தகடுக்கும் நடுவுல இடைவெளி இருந்துச்சா? எம்புட்டு நீளம் இருக்கும்?”



“மாப்ள, தகரமே இல்ல. அது ஓடைக்கு அந்தப் பக்கம் கெடக்கு.”

“முன்னாடி பாத்திருப்பீகல்ல. சுமாரா சொல்லுங்க.”

“நான் சாப்பாடு குடுக்கப் போறப்ப வெயிலு ஒரு கோடா விழும். ஒரு சாண் இருக்கும்.” பிறகு மெதுவாக, “நீங்க சாப்பிட்டீகளா மாப்ள?” என்றார்.

நான் மேசையில் கையை விரித்து அளந்தேன். எனக்குச் சின்னக் கை. பதினேழு சென்டிமீட்டர். மச்சானுக்குப் பெரிய கை என்பதும், ஊரில் முழக்கயிற்றுக்கும் கோவணத்துக்கும் ஒரே ‘ஒரு சாண்’ சொல்வார்கள் என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

இடைவெளியை மாதிரியில் வெட்டினேன். அதன் ஓரத்தில் மூலை சிவந்தது. கம்ப்யூட்டர் மாதிரியில் நாங்கள் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்புலம் எவ்வளவு என்று அது சொல்லும். சந்தேகம் வந்தால் கட்டத்தை இன்னும் பொடியாக்கிப் பார்ப்போம். பொடியாக்கினேன். மூலையில் எண் இரட்டிப்பானது. இன்னும் பொடியாக்கினேன். மறுபடி ஏறியது. நாலாவது நாள், பொறி பறக்கத் தேவையான அளவை எண் தாண்டிவிட்டது. உண்மைக்குப் பக்கத்தில் போகப் போக என் குற்றம் பெரிதாகிறது என்று எடுத்துக்கொண்டேன். எழுதிய அறிக்கையை அழித்தேன். அதற்குப் பதில், குற்றத்தை ஒப்புக்கொண்டு போலீசுக்குக் கடிதம் எழுதினேன். நான்தான் கொண்டு போகச் சொன்னேன், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று. தமிழில் எழுதினேன். பதினோரு பக்கம், நாலு வண்ணப்படம், ஒரு பிற்சேர்க்கை. ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பிற்சேர்க்கை போட்ட முதல் குற்றவாளி நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்து மேசை யூர்கன் ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தான். எனக்குக் கீழே இரண்டு வருடம் வேலை பழகியவன்.

“இது என்ன ஆன்டெனா?”

“என் ஊரில் ஒரு கூரை.”

கட்டங்களின் அளவையும் ஏறிக்கொண்டே போகிற எண்களையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். “கூர்முனை” என்றான். “இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே.”

ஆமாம், நான்தான். உலோகத்தின் கூரான மூலையில், கட்டத்தைப் பொடியாக்கப் பொடியாக்க எண் ஏறிக்கொண்டேதான் போகும். அது எங்கேயும் நிற்காது. காகிதத்தில் வரைந்த மூலை முடிவே இல்லாத கூர்மை என்பதால் வருகிற கணக்குக் கோளாறு அது. நிஜத் தகரத்தில் அப்படி ஒரு கூர்மை கிடையாது. அந்த எண்ணுக்கு அர்த்தமும் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவேன், சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று. பயிற்சித் தாளில் அந்த வரிக்கு அடிக்கோடு இட்டவனும் நானே.

யூர்கன் கதையைக் கேட்டுவிட்டுத் தோளைத் தட்டிவிட்டுப் போனான். கடிதத்தைக் கிழித்தேன். ஆனால் மனசு அடங்கவில்லை. போன் பற்றவைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஊரில் யாருக்குத் தெரியும்? போன் ஷெட்டுக்குள் இருந்ததென்றால், அதைக் கொண்டு போகச் சொன்ன வாய் என்னுடையது. கம்பெனிக்கு அது போதும்.

6

பத்தொன்பதாம் நாள் மச்சான் கூப்பிட்டார். அக்கா பேசுகிறாள், அவள் காதில் போனைப் பிடிக்கிறேன் என்றார்.

“ஏலே.” குரல் காற்றாக வந்தது.

“அக்கா.”

“புள்ள நல்லாருக்காளா?”

“நல்லாருக்கா. அக்கா, அந்தப் போனை எங்கன வச்சிருந்த?”

“எந்தப் போனை?”

“நான் குடுத்ததை.”

“அரிசி டிரம்முக்குள்ள.”

“கம்பெனியிலயா?”

“கம்பெனியில என்னலே அரிசி? நம்ம வீட்டு டிரம்முலதான். வெளிய வச்சா உங்க மச்சான் டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போயி ஊரு பூரா காமிச்சிட்டு வருவாக. காலையில அமத்தி அரிசிக்குள்ள புதைச்சிட்டுத்தான் வேனு ஏறுவேன்.”

பக்கத்தில் மச்சான், “அடிப்பாவி, பீரோவைப் புரட்டிப் போட்டேன்” என்பது கேட்டது.

“நான் கூடவே வச்சுக்கச் சொன்னேனே அக்கா.”

“நீ சொல்லுவ. உனக்கென்ன, நீ அங்கன உக்காந்திருக்க. மருந்துக்குப் பக்கத்துல உக்காருறது நான்லே.” மூச்சு வாங்கினாள். “போர்டுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் கேப்பேன். கோவிச்சுக்கிடாத.”

அன்றே மச்சான் வீட்டுக்குப் போய் அரிசிக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டினார். ஷெட்டில் கரிந்து கிடந்தது என்ன என்று அதன் பிறகுதான் சரியாகப் பார்த்தார்கள். அது கால்குலேட்டர். எத்தனை பெட்டி லோடு போகிறது என்று கூட்டிப் பார்க்கப் போர்மேன் வைத்திருந்தது.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். நடந்ததைப் போலீசில் சொன்ன மாதிரியே என்னிடமும் சொன்னாள். சனிக்கிழமை கலந்த மருந்து மிச்சம் இருந்தது. மிச்சத்தை அன்றைக்கே அழிக்க வேண்டும் என்பது விதி. ஆர்டர் நெருக்கடி என்று அழிக்காமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் வாளியின் அடியில் அது இறுகிக் கட்டியாக இருந்தது. பாண்டியம்மா வாளியைக் காலுக்கிடையில் வைத்துச் சுரண்டினாள். செல்வி வாளியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா திரி எடுக்க நாலு எட்டு தள்ளிப் போயிருந்தாள். சுரண்டியதில் பற்றியது.